சட்டியும் போத்தலும்

பாங்கொக்கில் என்ன சாப்பிடலாம் என்று யாராவது கேட்டால் நான் மூச்சு விடாமல் சொல்வேன். பச்சைக் கறி, பாட் தாய் நூடில்ஸ், டொம் யம் சூப், பப்பாசிக்காய் சலாட், கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசிச் சோறும் மாம்பழமும். இத்தனைக்கும் நான் பாங்கொக்கில் கால் வைத்தது ஒரேயொரு தடவை, அதுவும் ஒரு பகல். ஆனால் நியூசிலாந்தில், ஹென்டர்சனில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிற கந்தோரில் உட்கார்ந்துகொண்டு "எனக்குத் தெரியாது" என்று சொன்னால் இந்தக் கௌரியை யார் தேடி வருவார்கள்?

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. என்னிடம் டிக்கெட் எடுத்துக் கொழும்புக்குப் போகிற எங்கள் சனம் வழியில் பாங்கொக்கில் இரண்டு நாள் தங்கும். தங்கி என்ன? ஹோட்டல் அறையைப் பூட்டிக்கொண்டு, கொண்டுபோன பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, "அங்க சாப்பாடு ஒண்டும் சரியில்லை" என்று திரும்பி வந்து கதை சொல்லும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயில் வைத்தே பார்க்கவில்லை, அதற்குள் சரியில்லையாம்!

ஆகவே அந்த ஒக்டோபரில் புறப்பட இருந்த பன்னிரண்டு பேரையும் ஒரு ஞாயிறு மத்தியானம் ஏவன்டேலில் இருந்த ஒரு தாய்லாந்துக் கடைக்குக் கூப்பிட்டேன். இங்கேயே ருசி பழகிவிட்டால் அங்கே போய்ப் பட்டினி கிடக்க மாட்டார்கள் என்பது என் திட்டம்.

பன்னிரண்டு பேரில் ஒருவர் செல்வநாயகி அன்ரி. பிளாக்ஹவுஸ் பே பக்கம் மகள் வீட்டில் இருப்பவர். அவருடைய மகன் கீதன் சண்டைக்குள் அகப்பட்டு, எங்கெங்கோ அலைந்து, ஒருவழியாகப் பாங்கொக் வந்து நியூசிலாந்து விசாவுக்குக் காத்திருந்தான். தாய் மகனைக் கண்டு ஆறு வருடம். அவன் முகத்தைக் காணும்வரை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடுவதில்லை என்று அன்ரி நல்லூர் முருகனுக்கு நேர்ந்திருந்தார். மீன்குழம்பு இல்லாத நாளில் முகம் தொங்கிப்போகிற மனுசி, ஆறு வருடமாக மீன் வாடையே இல்லாமல் இருந்தார். இன்னும் மூன்று கிழமைதான்.

"எனக்கு வேண்டாம் பிள்ளை. நான் சும்மா வந்து இருந்திட்டுப் போறன்," என்றார்.

"அன்ரி, உங்களுக்குத் தனிச் சமையல். நான் பொறுப்பு."

"நீ சொன்னாச் சரி."

யாழ்ப்பாணத்து வீடுகளில் சைவச் சட்டி வேறு, மச்சச் சட்டி வேறு. மீன் காய்ச்சிய சட்டியை எத்தனை தரம் தேய்த்தாலும் வெள்ளிக்கிழமை அடுப்பில் ஏற்ற மாட்டோம். அந்தப் புத்தியோடு புதுச் சட்டி, புது அகப்பை, புதுக் கத்தி, வெட்டுகிற பலகை எல்லாம் வாங்கிக்கொண்டு கடையின் குசினிக்குள் நுழைந்தேன். சமைக்கிறவள் பெயர் நொய். என்னைப்போலவே வாய்க்காரி.

"மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டை இல்லை, இறால் இல்லை," என்று ஆங்கிலத்தில் விரல் மடித்துச் சொன்னேன்.

"விளங்குது, விளங்குது. வெறும் மரக்கறி," என்றாள் நொய். என் சட்டியைத் தட்டிப் பார்த்து, "நல்ல சட்டி" என்று பாராட்டும் தந்தாள்.

சாப்பாடு களைகட்டியது. பன்னிரண்டு பேரில் ஒருவரான குலசிங்கம் அண்ணை டொம் யம் சூப்பைக் குடித்துவிட்டு, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வடிய, "இதெல்லாம் ஒரு உறைப்பே?" என்று கேட்டார். பிஸ்கட் கூட்டம் பாட் தாய்க்குச் சண்டை பிடித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்ரி பச்சைக் கறியை ஒரு வாய் வைத்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.

"கத்தரிக்காய்ப் பால்கறி மாதிரித்தான் கிடக்கு. ஆனா ஒரு தனி ருசி, பிள்ளை. என்னெண்டு சொல்லத் தெரியேல்லை. இன்னும் கொஞ்சம் கொண்டுவா."

கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். நொய் என் புதுச் சட்டிக்குள் ஒரு போத்தலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். போத்தலில் ஒரு மீன் படம்.

"என்ன அது?"

"மீன் சோஸ்."

"மீன் வேண்டாம் என்று சொன்னேனே!"

"மீன் எங்கே? இது உப்புத்தானே," என்றாள் நொய். அவள் பொய் சொல்லவில்லை. கறிக்கு அரைத்த பச்சை மசாலாக் கூட்டில் இறாலும் இருக்கிறது என்று அவளாகவே சொன்னாள். அவள் ஊரில் அது உப்புப் புளி மாதிரி ஒரு கறிச்சரக்கு, அவ்வளவுதான். பிழை என்னுடையது. சட்டியைப் பார்த்த நான் போத்தலைப் பார்க்கவில்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆறு வருட விரதம் அரைக் கோப்பைக் கறியில் போனது எனக்கு மட்டுந்தான் தெரியும். ஆனால் அங்கே ஒரு மனுசி என் வாய்ச் சொல்லை நம்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாயையும் வைக்கப் போகிறார். என்னால் முடியவில்லை.

வெளியே வந்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். "அன்ரி, சாப்பிடாதேங்கோ. அதுக்குள்ள மீன் சோஸ் விட்டிருக்கு. இறாலும் கிடக்கு. நான் சரியாப் பாக்கேல்லை."

அன்ரி கையிலிருந்த கரண்டியை வைத்தார். எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"தெரியாமச் சாப்பிட்டதுதானே," என்றார் குலசிங்கம் அண்ணை.

"இவ்வளவு காலத்துக்குப் பிறகு நாக்குக்குத் தெரிஞ்சிருக்கு, அண்ணை. எனக்குத்தான் தெரியேல்லை," என்றார் அன்ரி. என்னைப் பார்க்கவே இல்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் போல் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

ஆனால் மூலையில் இருந்து அழுகிற சாதி நான் இல்லை. மறுநாள் நொய்யைப் பிடித்தேன். மீன், இறைச்சி, முட்டை, மீன் சோஸ், இறால் விழுது, சிப்பி சோஸ், எலும்பு அவித்த தண்ணீர், ஒன்றும் ஆகாது என்று, பாங்கொக் கடைகளில் அன்ரி காட்டுவதற்காகத் தாய்லாந்து எழுத்தில் ஒரு சிறு மட்டையில் எழுதுவித்தேன். அதோடு நம்பிவிடவில்லை. நகரத்துக்குள் இன்னொரு தாய்லாந்துக் கடைக்குப் போய், வாய் திறக்காமல் மட்டையை நீட்டினேன். பரிமாறுகிற பெண் வாசித்தாள், உள்ளே போனாள், திரும்பி வந்து உதட்டைப் பிதுக்கினாள். பட்டியலில் இருந்த நாற்பது சாப்பாட்டில் எனக்குத் தரக்கூடியது மூன்று. அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

மட்டையோடு பிளாக்ஹவுஸ் பேக்குப் போனேன். அன்ரி கதவைத் திறந்து மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் கோவமா அன்ரி?"

"முருகனுக்கு விளக்கு வச்சுச் சொல்லிப்போட்டன். பிழை என்ர இல்லை, கௌரியின்ர எண்டு. இனி அவர் உன்னைப் பாத்துக்கொள்ளுவார்." சிரிக்கவில்லை. ஆனால் உள்ளே வந்து தேத்தண்ணி குடி என்றார்.

பன்னிரண்டு பேரும் புறப்பட்டார்கள். அன்ரி ஏறிய நாளிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை. விசா வேலையாகக் கீதனை வேறெங்காவது கூப்பிட்டிருந்தால்? ஹோட்டல் விலாசத்தை அவன் மாறி விளங்கியிருந்தால்? மகனைக் காணாவிட்டால், அரைக் கோப்பைக் கறிதான் காரணம் என்று அந்த மனுசி சாகும்வரை நினைக்கும்.

இரண்டு கிழமை கழித்து, தாய்லாந்து முத்திரை குத்திய கடித உறை ஒன்று கந்தோருக்கு வந்தது. பிரித்தேன். உள்ளே கடிதம் இல்லை. நான் கொடுத்த மட்டைதான் இருந்தது, மூலை மடியாமல், கறை படாமல். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் அன்ரியின் கோணல் எழுத்து. வாடிக்கையாளர் இரண்டு பேர் முன்னால் உட்கார்ந்திருக்க, வெட்கமில்லாமல் அழுதேன்.

"பிள்ளையைக் கண்டிட்டன். இது இனி எனக்குத் தேவையில்லை. ரோட்டோரக் கடையில ரெண்டு பேரும் இருந்து மீன் சாப்பிட்டனாங்கள். சட்டியையும் பாக்கேல்லை, போத்தலையும் பாக்கேல்லை."