ஜோடிக்காரி

பட்டாளத்துக்குப் போக ஆசைப்பட்டவள் நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீருடையில் என்னைப் பார்க்கிறவர்கள் "சின்ன வயசுலேருந்தே கனவாம்மா?" என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கனவு என் தங்கையுடையது. நான் மருந்துக்கடையில் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டு, நானுண்டு என் வேலையுண்டு என்று இருந்தவள்.

தங்கைக்கு வீட்டில் வாலு என்று பெயர். பெயருக்கேற்ற ஆள்தான். விடிவதற்கு முன்பே எழுந்து தெருவைச் சுற்றி ஓடுவாள். வேன் நிறுத்தும் கொட்டகையின் குறுக்குக் கம்பியில் தொங்கி, மோவாய் கம்பிக்கு மேலே வரும்வரை உடம்பை இழுப்பாள். எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். அவள் ஒருத்தரையும் சட்டை செய்ததில்லை. ராணுவ அகாடமியில் பெண்களையும் எடுக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்த அன்று அவள் போட்ட ஆட்டத்தில் வீடு ரெண்டுபட்டது.

எங்கள் அம்மா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். அப்பா போன பிறகு அந்த ஸ்டியரிங்கைப் பிடித்துத்தான் எங்கள் இரண்டு பேரையும் ஆளாக்கினாள். வண்டி நிறையப் பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்குகிற தொண்டை. வாலு விஷயத்தைச் சொன்னதும் ஒரே போடாகப் போட்டாள்.

"ஒத்தைப் பொண்ணா அனுப்ப மாட்டேன். உங்க அக்காவும் கூட வர்றான்னா போ. இல்லேன்னா வாயை மூடிட்டு இரு."

அம்மாவின் திட்டம் எனக்குப் புரிந்தது. மாடி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும். நான் எங்கே போகப் போகிறேன், பேச்சு அத்தோடு முடிந்தது என்று நினைத்துவிட்டாள். ஆனால் வாலு விடுகிற ஆளா? மருந்துக்கடைக்கே வந்து நின்றாள்.

"அக்கா, சும்மா பேருக்கு விண்ணப்பம் போடு. நீ எப்படியும் தேற மாட்டே. நான் உள்ள போயிடுவேன், நீ திரும்பி வந்துடு. அம்மாவுக்கும் பதில் சொன்ன மாதிரி ஆச்சு."

"என் மேல உனக்கு எவ்வளவு நம்பிக்கைடி!"

"உண்மையைத்தானே சொன்னேன்."

போட்டேன். எழுத்துத் தேர்வில் எப்படியோ தேறிவிட்டேன். ஓட்டத்துக்கு அவளே என்னைத் தினமும் துரத்தித் துரத்திப் பழக்கினாள், அகாடமி வாசல்வரையாவது துணை வேண்டுமே என்று. நேர்முகத் தேர்வில், மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரிகளில் ஒருவர், ராணுவத்தில் ஏன் சேர விரும்புகிறாய் என்று கேட்டார்.

"தங்கச்சிக்குத் துணைக்கு, சார்."

அறையே அதிரச் சிரித்தார்கள். சரி, தப்பித்தோம், வீட்டுக்குக் கிளம்பலாம் என்று நாற்காலியை விட்டு எழுந்தேன். நடுவில் இருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. "பக்கத்துல இருக்கிறவங்களுக்காக வர்ற ஆளுதான் எங்களுக்கு வேணும்" என்றார். கிழிஞ்சது போ என்று நினைத்துக்கொண்டேன். முடிவு வந்தபோது இரண்டு பேர் எண்ணும் இருந்தது. மறுநாள் அம்மா வேனைக் கழுவும்போது, "ரெண்டும் போனா இனிமே இதை யாருடி கழுவுறது?" என்று கேட்டுவிட்டு, தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடியே அழுதாள்.

அகாடமியில் முதல் வேலையாக முடியைக் காதுவரை வெட்டினார்கள். பயிற்சியின் முதல் பருவத்தில் இருப்பவர்கள் நடக்கக் கூடாது. சாப்பாட்டுக் கூடமோ கழிப்பறையோ, எங்கே போனாலும் ஓட்டம்தான். எங்கள் பயிற்சியாளர் ஒரு அம்மாள். அவர் வாயைத் திறந்தால் கட்டடத்தில் தூங்குகிற ஆள் யாரும் மிச்சம் இருக்க முடியாது. அதனால் அலாரம் மேடம் என்று பெயர் வைத்திருந்தோம், அவர் காதில் விழாமல்.

அங்கே ஜோடி என்று ஒரு ஏற்பாடு. அடுத்தடுத்த எண் உள்ள இரண்டு பேர் ஒரு ஜோடி. நாங்கள் ஒன்றாக விண்ணப்பித்ததால் அடுத்தடுத்த எண், அதனால் ஒரே அறை, ஒரே ஜோடி. வாலு குதித்தாள். அந்த ஏற்பாட்டின் லட்சணம் அப்புறம்தான் தெரிந்தது. ஜோடியில் ஒருத்தி தப்புச் செய்தால் தண்டனை மற்றவளுக்கு. தப்புச் செய்தவள் விறைப்பாக நின்று பார்க்க வேண்டும். என் ஷூவில் தூசி இருந்தது என்று, வாலு மைதானத்தைச் சுற்றித் தவளை மாதிரித் தாவிக்கொண்டு போனாள். நான் நின்று பார்த்தேன். என்னை நாலு அறை அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. அதற்குப் பிறகு என் ஷூவில் தூசி இருந்ததில்லை.

அதேபோல, ஒருத்தி உடம்பு சரியில்லை என்று மருத்துவ அறைக்குப் போனால், அவள் குணமாகும்வரை அவள் முதுகில் சுமக்கும் பயிற்சி மூட்டையையும் ஜோடிக்காரியே சுமந்து ஓட வேண்டும். போர்க்களத்தில் அப்படித்தானே என்பார் அலாரம் மேடம். முதுகில் ஒரு மூட்டையோடு ஓடவே எனக்கு நாக்குத் தள்ளும். பருவக் கடைசியில் மூட்டையோடு குன்றேறி இறங்குகிற ஓட்டத் தேர்வு ஒன்று உண்டு. அதில் தவறினால் வீட்டுக்கு வண்டி ஏற வேண்டியதுதான்.

ஏறிவிடலாம் என்றுதான் நானும் இருந்தேன். அங்கேதான் என் தலையெழுத்து விளையாடியது. ஒருநாள் எங்களைப் புதர்க்காட்டில் இறக்கிவிட்டு, ஆளுக்கொரு வரைபடமும் திசைகாட்டியும் கொடுத்து, முகாமுக்கு வந்து சேருங்கள் என்றார்கள். எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே பாறைக்குத் திரும்பி வந்தார்கள். எனக்கோ அந்தக் காகிதத்தில் இருந்த கோடுகளைப் பார்த்ததுமே மேடும் பள்ளமும் கண்ணில் தெரிந்தன. மொத்தக் குழுவையும் நேராகக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினேன். அடுத்த பயிற்சியில் அலாரம் மேடம் என்னையே முன்னால் நடக்கச் சொன்னார். எனக்கு எதுவும் நன்றாக வரும் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. நானும் நினைத்ததில்லை.

"உனக்கு இந்த இடம் பிடிச்சுப் போச்சு" என்றாள் வாலு, படுக்கையை மடித்துக்கொண்டே.

"பிடிக்குதாம்! போடி, வேலையைப் பாரு."

"பொய் சொல்லாதக்கா. தூக்கத்துல சிரிக்கறே."

நான் தலையணையை எடுத்து அவள் மேல் வீசினேன். அந்த நாட்களில்தான் அவள் காலில் வலி ஆரம்பித்திருக்கிறது. மருந்துக்கடையில் வேலை பார்த்தவள் நான், வலி மாத்திரையின் அட்டையைத் தூரத்தில் பார்த்தே பெயர் சொல்வேன். ஆனால் அட்டையை அவள் என் கண்ணில் காட்டவே இல்லை. விடுதி முழுக்க எல்லார் காலிலும் தைலம் மணக்கும். அதில் அவள் தைலம் எனக்கு எப்படித் தனியாகத் தெரியும்?

தேர்வு நாளன்று வாலு எப்போதும்போல எனக்கு முன்னால் ஓடினாள். குன்றின் இறக்கத்தில் எனக்கு ஒரு சத்தம் கேட்டது, காய்ந்த குச்சியை முறித்த மாதிரி. அவள் விழுந்தாள். கத்தவில்லை. கையை ஊன்றி எழப் பார்த்தாள், கால் வேறு பக்கம் திரும்பி நின்றது.

"நீ ஓடு. உன் நேரம் போகுது."

"கால் தொங்குதுடி பாவி!"

"ஓடுன்னு சொல்றேன்ல! நிக்காதே!"

இரண்டு மூட்டைகளையும் கழற்றி எறிந்துவிட்டு அவளைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டேன். என் தோளில் குத்தினாள், இறக்கிவிடு என்று. முனகினாள். பிறகு குத்துவதை நிறுத்திவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிற நான் எப்படி அந்தக் குன்றை இறங்கினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எல்லைக்கோட்டில் அலாரம் மேடம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "ஜோடியைச் சுமந்து வந்தவ தேறிட்டா" என்றார், அவர் தொண்டையிலா அவ்வளவு மெல்லிய குரல் என்று தோன்றும்படி.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பில் மயிரிழை போல ஒரு பழைய விரிசல். அதன் மேலேயே ஓடி ஓடி இப்போது முறிந்திருக்கிறது.

"அப்பவே வந்திருந்தா கொஞ்ச நாள் ஓய்வுலயே தானா கூடியிருக்கும். இனிமே தகடு வச்சுத்தான் ஆகணும். தகடு வச்ச கால் பட்டாளத்துல செல்லாதும்மா."

அவர் போனதும் நான் வாலுவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டி சொல்லல? வாய் எதுக்கு இருக்கு உனக்கு?"

அவள் விட்டத்தைப் பார்த்தபடி பேசினாள். "சொன்னா என் மூட்டையும் உன் தலையில விழும். ரெண்டைத் தூக்கிட்டு நீ தேற மாட்டே. வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. உனக்கு முதல்தடவையா ஒண்ணு பிடிச்சிருக்கு. அதைக் கெடுக்கச் சொல்றியா?"

"என்னைத் தூக்கிக் குப்பையில போடுடி! இது உன் இடம். நான் வந்ததே உனக்காக."

"தேர்வு வரைக்கும் தாங்கிடும்னு நினைச்சேன்க்கா." அப்போதுதான் அவள் முகம் உடைந்தது. சின்னப் பிள்ளையில்கூட அவள் அப்படி வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை. போர்வையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன், கட்டுப் போடாத காலின் பாதத்தை.

நானும் விலகுகிறேன் என்று எழுதிக் கொடுக்கப் போனேன். அலாரம் மேடம் தாளை வாங்கவில்லை. "முதல்ல உன் தங்கச்சிகிட்ட கேட்டுட்டு வா" என்றார். கேட்டேன். வாலு பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குவளையை எடுத்து என் மேல் எறிந்தாள். என் கால் போனது போதாதா, அது போனதையும் வீணாக்கப் போகிறாயா என்றாள். தாளைக் கிழித்துப் போட்டேன்.

தேறியவர்களுக்குத் தோளில் சின்னப் பட்டை குத்தும் நாளில் அவளைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து ஓரமாக நிறுத்தினார்கள். என் முறை வந்தபோது எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டியவள் அவள்தான். மறுநாள் காலையில் அம்மா வேனை எடுத்துக்கொண்டு வந்தாள். போகிறவளின் பெட்டியை ஜோடிக்காரிதான் கட்ட வேண்டும், வாசல்வரை அவள்தான் சுமக்க வேண்டும், அதுவும் வழக்கம். அவள் மெத்தையைச் சுருட்டினேன், சீருடைகளை எண்ணி ஒப்படைத்தேன், பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அம்மா பெட்டியை வாங்கிப் பின்னால் ஏற்றப் போனாள். வாலு முன் இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு.

"அக்கா, ஒண்ணு கேட்பேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுடி."

"இந்த லீவுக்கு வீட்டுக்கு வராதே."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவள் என் தோளைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

"சந்தோஷப்படணும்னுதான் நினைக்கறேன். நிஜமாத்தான்க்கா. முடியல. நேத்து இதை உனக்குக் குத்தினாங்கல்ல, கை தட்டிட்டே இருந்தேன், உள்ளுக்குள்ள அதைப் பிச்சு எறியணும் போல இருந்துச்சு. உன்மேல போய் எனக்கு இப்படி ஒரு புத்தி வரும்னு நான் நினைச்சுக்கூடப் பார்த்ததில்ல. இது போறவரைக்கும் என் கண்ணுல படாதே."

"எப்பப் போகும்?"

"தெரியலக்கா."

அவளைத் தொடலாம் என்று கையை நீட்டினேன். ஊன்றுகோலை எனக்கும் அவளுக்கும் நடுவில் நகர்த்திக்கொண்டாள். அம்மா சுற்றிவந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். எங்கள் பேச்சு எதுவும் அவள் காதில் விழவில்லை. ஒரு பிள்ளை முறிந்த காலோடு போகிறது, இன்னொன்றையாவது சீக்கிரம் கண்ணால் பார்க்கலாம் என்கிற ஆசை அவள் முகத்தில் அப்படியே எழுதி ஒட்டியிருந்தது.

"மூத்தவளே, லீவு எப்போன்னு இப்பவே சொல்லு. நானே வண்டியோட வந்து நிக்கறேன்."

வாலு கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தடவை லீவு விட மாட்டாங்களாம், அம்மா" என்றேன்.

"பெத்தவளைப் பார்க்கக்கூட விடாம இது என்ன பாழாப்போன இடம்டி!" என்று திட்டிக்கொண்டே அம்மா வண்டியைக் கிளப்பினாள்.