குழாய்க்குள் தீராத பசி

“நல்ல சேதிதானே இது? அப்புறம் எதுக்கு மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்க?”

“நல்ல சேதி இல்ல மாமா. தப்பான சேதி.”

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வெளிப்படியில் பேருந்து ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். இரவு வண்டியை விட்டு இறங்கி, காலையில் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவர், இப்போது மாலை வண்டிக்காகச் சீருடையில் வந்திருந்தார். நடுவில் தூங்கியிருப்பாரா என்று கேட்கவே வேண்டாம், கண்கள் சொல்லின. எதிரே கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து நின்றவள் அவர் மனைவியின் தங்கை. அங்கேதான் ரத்தம் எடுத்துச் சோதிக்கும் வேலை பார்க்கிறாள். சர்க்கரை சரியான அளவில் இருப்பதாகச் சொல்லும் தாள், அவள் தடுப்பதற்குள் முன்மேசையிலிருந்து அவர் கைக்குப் போய்விட்டது.

இன்று அதைப் பணிமனையில் கொடுத்தால் வண்டி ஓட்டலாம். சர்க்கரை மறுபடி ஏறியிருந்தால் ஸ்டியரிங்கை விட்டு இறக்கி, டயருக்குக் காற்றுப் பார்க்க அனுப்பிவிடுவார்கள். போன முறையே எச்சரித்திருந்தார்கள்.

“மிஷின் பொய் சொல்லுமா டாக்டரம்மா?” என்று சீண்டினார்.

“மிஷின் சொன்னது நிஜம்தான். குழாய்ல அவ்வளவுதான் மிச்சம் இருந்துச்சு. நீங்க வந்தப்ப, சர்க்கரைக்குன்னு இருக்கற சாம்பல் கலர் மூடிக் குழாய் தீர்ந்து போயிருந்துச்சு. உடனே மிஷின்ல வச்சிடலாம்னு சாதாரணக் குழாய்ல எடுத்துட்டேன். பாத்தா மிஷின் படுத்துக்கிச்சு. மெக்கானிக் வந்து எழுப்பறதுக்குள்ள மத்தியானம் ஆயிடுச்சு.”

“ஆகட்டுமே. மூடிதான் போட்டிருந்தியே, ஆவியா போயிடுமா?”

“உள்ள இருக்கற செல்லுங்க தின்னுடுச்சு.”

ஓட்டுநர் தண்ணீர் பாட்டிலை வாயிலிருந்து எடுத்தார். வந்ததிலிருந்து அவர் காலி செய்த இரண்டாவது பாட்டில் அது.

“உடம்ப விட்டு வெளிய வந்தப்புறமுமா?”

“அதுங்களுக்கு அது தெரியாதே மாமா. சாம்பல் மூடின்னா உள்ள ஒரு உப்பு இருக்கும், வாயைக் கட்டிடும். நான் கட்டல.”

அவள் அதை மனக்கண்ணில் பலமுறை பார்த்திருக்கிறாள். இதயம் தள்ளாத, எங்கும் போக வேண்டியிராத ரத்தம். அதற்குள் ஒரு சிவப்பணு சர்க்கரையை உள்ளே விடுகிறது. வந்தது திரும்பிப் போய்விடாதபடி அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அதற்குத் தன் கையிருப்பு ஆற்றலையே செலவழிக்கிறது. இன்னொன்றையும் ஒட்டி, நடுவே இரண்டாக உடைக்கிறது. துண்டுகளிலிருந்து, போட்டதைவிடச் சற்றே கூடுதலான ஆற்றலைக் கறந்துகொள்கிறது. காற்று வேண்டாம், வெளிச்சம் வேண்டாம். மற்ற செல்களுக்கு இது வெறும் தொடக்கம். மிச்சத்தைப் பெரிய உலையில் இட்டு எரிக்கும். சிவப்பணுவிடம் அந்த உலை கிடையாது. இந்தத் தொடக்கம்தான் அதன் பிழைப்பு முழுவதும்.

தெரிந்த வார்த்தைகளில் அவருக்கும் அதைச் சொன்னாள்.

“கையில இருக்கறத முதல்ல போடணும், அப்புறம் கொஞ்சூண்டு மிச்சம் வரும். நம்ம பொழப்பேதான் போ,” என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே கொட்டாவியாகிவிட்டது.

“அப்போ நிஜமான அளவு எவ்வளவு இருக்கும்?”

“தெரியாது. இதைவிட நிச்சயம் அதிகம். மறுபடி எடுத்தாத்தான் தெரியும். இப்ப எடுத்தும் பிரயோஜனமில்ல, நீங்க சாப்பிட்டாச்சு. நாளைக்குக் காலைல வாங்க.”

“நாளைக்கா? பணிமனைல தாளை இன்னிக்கே கேக்கறான். ஏன்டி, தப்பு பண்ணது நீ, மிஷின் சொன்னது உண்மை, நடுவுல என்னைய எதுக்கு இழுக்கறீங்க? அதுங்க வயிறு நிறைஞ்சுது, என் வயிறும் நிறையட்டுமே.”

“மாமா, போன வாரம் கண்ணு மங்கலா தெரியுதுன்னு அக்காகிட்ட சொன்னீங்களா இல்லையா?”

அவர் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே ஒரு பேருந்து வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு நகர்ந்தது. அதன் பின்விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கும்போது இமைகளைச் சுருக்கினார். தாள் இருந்த சட்டைப் பையின்மேல் கை தானாகப் போய் அமர்ந்தது.

அவளுக்குக் கால்கள் கடுத்தன. அவருக்குப் பக்கத்தில், அதே படியில் உட்கார்ந்து கையுறைகளை உரித்தாள்.

“பணிமனைக்கு நானே போன் பண்ணி, என் தப்புன்னு சொல்லி ஒரு நாள் கேக்கறேன். அந்தத் தாளை மட்டும் என்கிட்ட கொடுத்துடுங்க மாமா.”