விடுதலை நாள் சங்கு

பாழடைந்த கரும்பாலைக் கோபுரத்தில் வெள்ளை ரோஜாச் சரம் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்க்கப் பார்க்க வெர்னீஸுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய முப்பாட்டிகள் அடிமைகளாய்க் கரும்போடு கையையும் உருளைக்குள் பறிகொடுத்த ஆலை அது. வருடத்தில் இத்தனை நாள் இருக்க, விடுதலை நாளன்றுதானா இங்கே கல்யாணம்?

ஃப்ரெட்ரிக்ஸ்டெட் கோட்டை வாசலில் இந்நேரம் ஊரே கூடியிருக்கும். ஜூலை மூன்றாம் தேதி அங்கே சங்கு ஊதுவது அவள் குடும்பம். மூன்று முறை நீளமாக ஊதினால், கேட்டவர்கள் கைவேலையைப் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். அடிமைகள் திரண்டு விடுதலை வாங்கிய அன்று அப்படித்தான் நடந்தது. இன்றுவரை யாரும் மாற்றவில்லை. போன மாதம் அப்பா இறந்துவிட்டார். இந்த வருடம் அவள் முறை, மூன்று மணிக்கு. லீவு கேட்டதற்கு விடுதி மேலாளர் கிரேடன், "வரலைன்னா இனிமே வரவே வேண்டாம்" என்றுவிட்டார்.

வேலைக்கு வந்தாள். சங்கையும் பையில் கொண்டு வந்தாள்.

அதைக் கிரேடன் பார்த்துவிட்டார். "அட, இது ஊதுமா? விருந்தாளிகளைச் சாப்பிடக் கூப்பிட இதையே ஊது. அந்தக் காலத்துக் கரும்புத் தோட்டம் மாதிரியே இருக்கும்!"



"சார், இன்னிக்கு அது சாப்பாட்டு மணி இல்ல" என்றான் பரிமாறும் ஆஸ்மண்ட்.

"ஒரு கிளிஞ்சலுக்கு இவ்வளவு கதையா?"

"அக்கா, பாத்தியா, உங்கப்பா ஊதினது கிளிஞ்சலாம்."

வெர்னீஸ் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஊதுறேன் சார். ஆனா எங்க வீட்டுல அரைகுறையா ஊதிப் பழக்கமில்ல."

"நல்லா ஊது. எல்லாருக்கும் கேக்கணும்."

"கேக்கும்."

கோபுரத்தடியில் நின்று ஊதினாள். முதல் ஊதலில் விருந்தாளிகள் கைதட்டினார்கள். இரண்டாவதில் தோட்டக்காரர் நிமிர்ந்தார். மூன்றாவது, அடிவயிற்றிலிருந்து வந்தது. ஆஸ்மண்ட் இறால் தட்டை மணமகள் முன்னால் வைத்துவிட்டு நடந்தான். பாத்திரம் கழுவுகிறவர்கள் ஈரக் கையோடு வந்தார்கள். சுற்றிக்கொண்டிருந்தவர்களும் இறங்க, ரோஜாச் சரம் பாதியில் தொங்கியது.

"எங்க போறீங்க எல்லாரும்?" கிரேடன் கத்தினார்.

"கூப்பிடச் சொன்னது நீங்கதானே சார்!" என்றான் ஆஸ்மண்ட்.

வெர்னீஸ் ஏப்ரனைக் கழற்றி ஆலையின் துருப்பிடித்த உருளைமேல் எறிந்தாள். மணி இரண்டரை. ஆஸ்மண்டின் வண்டியில் பத்துப் பேர் நெருக்கியடித்து ஏறினார்கள்.

"நாளைக்கு வேலை, அக்கா?"

"நாளைக்குப் பாப்போம். கோட்டைக்கு ஓட்டுடா."

 மூன்று மணிக்குக் கோட்டையில் ஊத வேண்டிய மூச்சு அவளிடம் இருந்தது; அதற்கு மேல் கோபமும் நிறையவே மிச்சமிருந்தது.