கண்ணாடிக்குள் தண்ணீர்

கதவு நிலையில் வெள்ளைச் சீலையைக் கட்டி முடிக்குமுன்பே, றம்லாவுடைய புருசனின் மையத்தை அடக்கப் போன ஆண்கள் திரும்பி வந்துவிட்டார்கள். முற்றத்தில் கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. புருசனை இழந்தவள் இனி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இத்தா இருக்க வேண்டும். அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது.

"பொறுமையா இரு மகள்," என்றாள் முனவ்வறா சாச்சி, அவளுடைய உம்மாவின் தங்கை.

யாருக்கு வேணும் பொறுமை! நேற்றுக் காலை தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன புருசன் றிஃபாத், மத்தியானம் வாயெல்லாம் இரத்தமாகப் படகில் கிடந்து வந்தான்.

சண்டை முடிந்தது, சமாதானம் என்றார்கள். அகதியாகக் கிடந்த புத்தளத்திலிருந்து சொந்த ஊரான முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்த பிறகுதான் றிஃபாத் கடலடியில் கடலட்டை பிடிக்கச் சுழியோடப் பழகினான். நெஞ்சளவு தண்ணீரில் தினமும் அதே வேலை. முகக் கண்ணாடிக்குள் வேண்டுமென்றே தண்ணீரை விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்றுவான். மூச்சுக் குழாயை வாயிலிருந்து கழற்றி மறுபடி மாட்டுவான். கை காலை ஆட்டாமல் நடுத்தண்ணீரில் நிற்பான். "இது கைவந்தாப் பிறகுதான் ரெண்டு காத்துச் சிலிண்டரோட ஆழத்துக்குப் போகலாம். அங்கயிருந்து மூச்சைப் பிடிச்சுக்கொண்டு மேல பாஞ்சா நெஞ்சு வெடிச்சிரும்," என்று சோறு பிசைந்தபடி சொல்வான்.

பாதிதான் பழகியிருந்தான். "சின்னப் பிள்ளையள்ர விளையாட்டுக் காணும், இனி ஆழத்துக்குப் போ," என்று படகு முதலாளி இஸ்ஸதீன் இரண்டு சிலிண்டரைக் கட்டி இறக்கிவிட்டார். அடியில் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. பதறி மேலே பாய்ந்தான். அவ்வளவுதான்.

சீலைக்கு வெளியே முதலாளியின் குரல் கேட்டது. "எல்லாம் அல்லாஹ்ட நாட்டம். சிறாஜ், நாளைக்கு நீ வா. மச்சான்ட இடம் உனக்குத்தான்."

சிறாஜ் றம்லாவின் தம்பி. நீந்துவான். அதற்கு மேல் கடலைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

"ஓம், வாறன்," என்றான்.

அட பாவி! றம்லா சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஆண்கள் பதறி முகத்தைத் திருப்பினார்கள். முதலாளி மார்க்கம் தெரிந்த மனிதர், பார்வையை மண்ணில் போட்டுக்கொண்டார்.

"தம்பி, என்னைப் பார். அடியில நிக்கேக்க கண்ணாடிக்குள்ள தண்ணி வந்தா என்ன செய்வாய்?"

சிறாஜ் கொஞ்சம் யோசித்தான். "வேற என்ன ராத்தா, மூச்சைப் பிடிச்சுக்கொண்டு டக்கெண்டு மேல வருவன்."

றம்லா எட்டி அவனுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டீங்களா முதலாளி? இவனையும் முடிக்கப் போறீங்களோ?"

"போகப் போகப் பழகிருவான்." முதலாளி அப்போதும் தலை தூக்கவில்லை. "அவவை உள்ள கூட்டிக்கொண்டு போங்கோ. இத்தா இருக்கிறவ இப்பிடி வந்து நிக்கிறது பாவம்."

சாச்சி இடுப்பைப் பிடித்து இழுத்தாள். றம்லா தம்பியின் சட்டையை விடவில்லை. அவன்தான் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான்.

"மச்சான்ட கண்ணாடி படகிலதான் கிடக்குது," என்று முதலாளி சொல்வது உள்ளே கேட்டது. "உனக்கு அளவா இருக்கும்."

"ஓம்," என்றான் சிறாஜ்.

சாச்சி கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.