வெளி ஓரத்து இடம்

அருமனை பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருக்கும் ஜெபசீலனின் கல்யாண வீடியோ ஸ்டூடியோவை விட்டு ஷைஜா இந்த வாரமாவது போய்விட வேண்டும். திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். ஏற்கெனவே தள்ளிப் போட்டாயிற்று, இனி அவர்கள் பொறுக்க மாட்டார்கள். முதலாளி வேறு யாராவது என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு இறங்கலாம். இவர் தாய்மாமன். அவள் கணவன் ஸ்டெனி துபாயில் இன்னொருத்தியோடு தங்கிவிட்டான் என்று தெரிந்த அன்று, ஊர் வாய்க்கு அஞ்சாமல் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வேலை கொடுத்த மனுஷன். பாசத்தால் கட்டிப்போட்டால் அவிழ்ப்பது லேசா?

"ஞாயித்துக்கிழமை எடுத்த கல்யாணத்தை முடிச்சிரு. கம்ப்யூட்டரையும் செரியாக்கிட்டுப் போ. நான் தடுக்க மாட்டேன்" என்றார் ஜெபசீலன்.

கம்ப்யூட்டர் எங்கே நகர்ந்தது! மணப்பெண் கோவில் படியில் ஒரு கால் வைப்பாள், அதோடு திரை நின்றுவிடும். ஷைஜா ஹார்ட் டிஸ்கின் வரைபடத்தைத் திறந்து பார்த்தாள். துளி இடமில்லை. புதுக் கல்யாணம் துண்டு துண்டாகச் சிதறி, கிடைத்த சந்துபொந்தில் எல்லாம் ஒண்டிக் கிடந்தது. ஒரு காட்சியைப் படிக்க டிஸ்குக்குள் இருக்கும் முள், சுழலும் தட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைந்தது. எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து வைக்கலாம் என்றால் அதற்குக் காலி இடம் வேண்டாமா? புது டிஸ்க் கேட்டால், சீசன் முடியட்டும் என்பார்.

"பழசுல கொஞ்சம் அழிக்கட்டா மாமா?"

"ஏட்டி, உனக்குப் பைத்தியமா? யாராவது செத்தா, கல்யாணத்துல சிரிச்சிட்டு நின்ன படம் உண்டான்னு கேட்டு இங்கதான ஓடி வாறாவ? ஒண்ணையும் தொடப்படாது."

உண்மைதான். அந்த வட்டாரத்துக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களில் சிரிக்கும் முகங்களில் பாதி இந்த டிஸ்கிலிருந்து போனவை. உயிரோடு இருக்கிறவர்களை எல்லாம் சாவுக்காகச் சேர்த்து வைத்தால் ஒரு கம்ப்யூட்டர் என்னதான் செய்யும்! ஷைஜாவுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

வரைபடத்தின் முதல் வரிசையில் மட்டும் ஒரு பெரிய பகுதி, துண்டுபடாமல் நீளமாகக் கிடந்தது. தட்டின் வெளி ஓரம் அது. அங்கே தட்டின் ஒரு சுற்றில் முள் கூடுதலாகப் படிக்கும். அன்றாட வேலையை வைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. யார் அங்கே காலை நீட்டிப் படுத்திருப்பது என்று திறந்து பார்த்தாள். ஷைஜா, ஸ்டெனி. டிஸ்க் புதிதாக வந்த அன்று மருமகள் கல்யாணத்தைத்தான் மாமா முதலில் ஏற்றியிருக்கிறார்.

"இதை அழிக்கேன். இது என்னோடது."

ஜெபசீலன் பதறி எழுந்தார். "வேண்டாம் மக்கா. நாளைக்கு அவன் மனசு மாறி வந்தாம்னா?"

"வரமாட்டாரு மாமா. வந்தாலும் எனக்கு வேண்டாம்."

அழித்துவிட்டாள். அழுகை வரவில்லை, அப்பாடா என்றுதான் இருந்தது. சிதறிக் கிடந்த புதுக் கல்யாணத்தை அந்த இடத்துக்கு நகர்த்தி வரிசையாக அடுக்கினாள். மணப்பெண் தடங்கலில்லாமல் படியேறிப் போனாள். மறுநாள் மாலையே வேலை முடிந்தது.

"கொள்ளாம்ட்டி! என்னமா ஓடுது!" என்று ஜெபசீலன் வாயெல்லாம் பல்லாக நின்றார். ஷைஜா பையைத் தோளில் போட்டாள். அதற்குள் அவருடைய போன் அடித்தது.

"ஒரு வாரம் எதுக்கு? மூணு நாள்ல தாறேன். அடுத்த மாசத்துக் கல்யாணமும் எனக்கே தாருங்க. இங்க எங்க ஷைஜா உண்டுல்லா!"

"மாமா, திங்கட்கிழமை நான் போணும்."

அவர் கண் கலங்கிவிட்டது. "போ மக்கா, ஆரு தடுத்தா? எதை எங்க வச்சிருக்கன்னு உனக்கு மட்டுந்தான தெரியும், அதான் பாக்கேன். அவனையும் தொடச்சுப் போட்டாச்சு. இனி இதுதான உனக்கு வீடு?"

என்ன மனுஷன்! ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூட அந்தக் கோபத்திலேயே படியிறங்கியிருப்பாள். ஷைஜா பையை ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"முதல்ல யாரு கல்யாணம் மாமா?"