கம்மி என்றது கணினி

டாக்டர் கிருஷாந்தி கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "பாருங்க அங்கிள், பச்சை. அடுத்த ஆறு மாசத்துல நீங்க வார்டுல படுக்கிற ஆபத்து கம்மின்னு காட்டுது."

என் வீட்டுக்காரர் ஜெயபாலன் சிரித்தார். அன்று காலையில் சிலிபினில் இருக்கும் எங்கள் வீட்டில் கழிப்பறையைக் கழுவியவள் நான். அத்தனையும் ரத்தம்.

அவருக்குப் பெருங்குடலில் புண். கோலைட்டிஸ் என்கிறார்கள். நோயாளி சொல்கிற பதிலையும் ரத்தப் பரிசோதனையையும் வைத்துத்தான் அந்தக் கணினி கணக்குப் போடுகிறது. பரிசோதனை போன மாதம் எடுத்தது, அப்போது நன்றாக இருந்தார். இன்றைக்கு இந்த மனுஷன் சொன்ன பதிலைக் கேளுங்கள்.

"ரத்தம் போகுதா அங்கிள்?"

"அதெல்லாம் இல்ல டாக்டர். ஓகேலா."

"ராத்திரி எழுந்திரிக்கிறீங்களா?"

"நல்லா தூங்குறேன்."

வாய் கூசாத பொய்! நான் பேச வாயெடுத்தேன், மேசைக்கடியில் என் காலை மிதித்தார். மகள் வயசுப் பெண்ணிடம் போய் இதையெல்லாம் சொல்வதா என்று வெட்கம். வெட்கத்துக்கு அடியில் பயம். கூட பஸ் ஓட்டிய தர்மாவுக்குக் குடலை வெட்டி வயிற்றில் பை வைத்ததைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, ஆஸ்பத்திரிக் கட்டில் என்றாலே இவர் பேச்சை மாற்றிவிடுவார்.

வெளியே வந்தோம். மருந்து கவுண்டரை எட்டுமுன்பே அவர் முகம் வெளுத்துப்போய்க் கழிப்பறைக்கு ஓடினார். நேரம் போனதே தவிர ஆள் வரவில்லை. கதவைத் தட்டினேன்.

"என்னங்க, என்ன செய்யுது?"

"போடி! ஒன்னும் இல்ல."

திட்டக்கூட அவர் குரலில் தெம்பு இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மானமாம் மானம்! ஆள் போய்விட்டால் அதை வைத்து நான் என்ன செய்வது? டாக்டர் அறைக்கே திரும்பி ஓடினேன். உள்ளே வேறொரு நோயாளி இருந்தார். இருக்கட்டுமே!

"டாக்டர், அவரு சொன்னது எல்லாம் பொய்லா! போனாலே ரத்தம்தான். ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல, உடம்பு கொதிக்குது. எனக்குப் பயமா இருக்கு டாக்டர்."

அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. பதில்களை மாற்றித் தட்டினார். திரை சிவந்தது. அதைப் படித்துக்கொண்டுகூட உட்காரவில்லை, எழுந்துவிட்டார். "அங்கிள் எங்க ஆன்ட்டி? இன்னிக்கே அட்மிட் பண்ணணும்."

சக்கர நாற்காலியோடு ஒரு நர்ஸும் எங்களுடன் வந்தார். கழிப்பறைக் கதவு திறந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அவருக்கு எங்களைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

கத்துவார், நாற்காலியை உதைப்பார், நாலு பேர் முன்னால் என்னைக் கிழிகிழியென்று கிழிப்பார் என்று நினைத்தேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு சண்டையில்கூட அவர் எனக்கு விட்டுக்கொடுத்ததில்லை.

தானாகவே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஐயோ முருகா, இவர் எனக்கு விட்டுக்கொடுக்கிற அளவுக்கா முற்றிப்போய்விட்டது!