கடைசி வரிசைப் பட்டாணி

பட்டாணிக்காரியின் வயல் காட்டோரம் போய் முடியும். காட்டைத் தாண்டினால் நகரத்துப் பேருந்து நிறுத்தம். நடுவே அரைமணி நேர நடை. இவ்வளவு தூரம் நடந்து எவனாவது பட்டாணி திருட வருவானா என்பதுதான் அவள் மண்டையைக் குடைந்தது.

கடைசி வரிசையில் காய்கள் கொழுகொழுவென்றுதான் தொங்கின. பறித்துப் பிரித்தால் உள்ளே வெறும் காற்று.

"அணில் வேலை," என்றார் கணவர். போன வருடம் மோட்டார் நின்றதற்கும் அவர் அணிலைத்தான் சொன்னார்.

"தின்னுட்டு மூடி வெச்சுட்டுப் போகுதாங்க? ரொம்ப மரியாதை தெரிஞ்ச அணில்தான்!"

திங்கட்கிழமைகளில்தான் காய் வெறுமையாக இருக்கிறது என்று கண்டுபிடித்தாள். அடுத்த திங்களன்று விடிந்ததும் போய்க் குனிந்து பார்த்தாள். ஈர மண்ணில் செருப்புத் தடம் காட்டிலிருந்து வந்து, கடைசி வரிசையில் நின்று, வந்த வழியே திரும்பியிருந்தது. நின்ற இடத்தில் மண் நன்றாக மிதிபட்டிருந்தது. அங்கே தானும் நின்று பார்த்தாள். நேர் எதிரே அவள் வீட்டுச் சமையலறை ஜன்னல்.

ஒரு காயைப் பறித்துத் திருப்பினாள். வால் பக்கம் நகத்தால் கீறி, மணிகளை உருவிவிட்டு, விளிம்பை ஒட்ட அழுத்தியிருந்தது. இந்தத் திருட்டுத்தனம் தெரிந்தவள் உலகத்தில் ஒருத்திதான், அவள் பெற்ற மகள். ஆறு வயதில் இதற்காக அம்மாவிடம் முதுகில் வாங்கியவள். மூன்று வருடத்துக்கு முன், பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வந்து நின்ற அவளை, "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதே" என்று விரட்டியதும் இதே அம்மாதான்.

மிதிக்கவில்லையே! அம்மா பேச்சைக் கழுதை இந்த ஒரு விஷயத்தில்தான் கேட்டிருக்கிறது. கூப்பிட்டுவிடலாம்தான். ஆனால் விட்ட வார்த்தையைத் திரும்ப எடுக்க வீம்பு விடவில்லை.

சனிக்கிழமை கடைசி வரிசையை மொட்டையாகப் பறித்தாள். பிறகு அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது. சமையலறைச் சுவரோரத்து வரிசையை மட்டும் தொடவில்லை.

"நல்லா விளைஞ்சது அதுதானே, அதை ஏன் விட்டே?" என்றார் கணவர்.

"அணிலுக்கு."

ஞாயிறு சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே காய் கீறும் சத்தம் கேட்டது. அவள் திரும்பாமல் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "மூடி வெச்சு யாரை ஏமாத்தறே? பச்சையாத் தின்னா வயிறு வலிக்கும். உள்ள வா."

காய் கீறும் சத்தம் நின்றது.

"வாசப்படிய மிதிக்கலாமாம்மா?" என்றது அணில்.

அவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.